மெய்ப்பாடும் முதலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நாவலூர் என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முந்தி எழுவது சுந்தரர் பிறந்த திருநாவலூர். அது நடுநாட்டு ஊர். இந்த நாவலூர் தொண்டை நாட்டைச் சேர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு அணித்தே அமைந்தது. ஊர் வேறாயினும் சுந்தரரை இங்கு நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தவர் அவர். எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, மீண்டும் பாடி, குறையாத பொன்னையே பெற்றார் என்று பெரிய புராணம் கூறும். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடும் துணிவு அவருக்கு இருந்தது. பொறுப்பேற்க இறைவன் இருந்தான். இன்று இச்சாலையின் இருமருங்கும் உள்ள அடுக்ககங்களில், காலையில் ஒரு செயலியில் இட்ட பணத்தை மாலையில் வேறொரு கணக்கில் தேடும் இளைஞர்க்கு அவ்வாறு பொறுப்பேற்பார் எவரும் இலர்.

இது மிகைக் கூற்றன்று. இந்தியப் பங்கு, பரிவர்த்தனை வாரியமாகிய செபி 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வணிகத்திலும் 'ஆப்ஷன்' என்று வழங்கும் ஒப்பந்த வணிகத்திலும் இறங்கிய தனிமனிதர் 1 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தலைக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 இலட்சம். இவ்வணிகத்தில் 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு ஓராண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது. எல்லாவற்றினும் எண்ணத்தக்க செய்தி வேறொன்று. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இழந்த பின்னரும் நட்டமடைந்தோருள் முக்கால் பங்கினர்க்கும் மேலானோர் ஆட்டத்தை விடவில்லை.

ஏன் விடவில்லை? ஊரார் சொல்லும் விடை எல்லார்க்கும் தெரியும்: பேராசை பெருநட்டம். பழமொழி பொய்யன்று, ஆனால் அது நோய் இன்னதென்று நாடாமல் நோயாளியைக் கடிந்துகொள்கிறது. ஆசை என்பது அறநூலார் ஆண்ட சொல். அச்சொல்லுக்குள் மனம் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, உடம்பு இல்லை. மக்கள் பேச்சு இதனினும் கூர்மையானது. பணம் போன செய்தி கேட்டவனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறது. பணம் வந்தவன் தலைகால் புரியாமல் ஆடுகிறான் என்கிறது. வயிறும் தலையும் காலும் உடம்பின் உறுப்புகள். பணத்தைப் பற்றிய முடிவு உடம்பில் நிகழ்கிறது என்பதைத் திண்ணையில் இருந்தோர் அறிந்திருந்தனர். பொருளியல் நூலோர்தாம் காலந்தாழ்ந்து அறிந்தனர்.

தொல்காப்பியரும் அறிந்திருந்தார். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்வு மெய்யின்கண் தோன்றிப் பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு. அந்நிலைக்களன்களைப் பொருட்கண் கொண்டு நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். உவகைக்கு முதற்களனாகச் சொல்லப்படுவது செல்வம், இறுதிக்களன் விளையாட்டு. அழுகையின் களன்களுள் இழவும் உண்டு, வறுமையும் உண்டு. மருட்கையின் களன்களுள் ஆக்கம் ஒன்று. பணம் வருவதும் போவதும் உடம்பில் எழுதப்படும் என்பதை இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கின்றனர். வகுப்பறைகளில் மெய்ப்பாட்டியல் தலைவி பசலை கொள்வதோடு முடிந்துவிடுவது ஓர் இழப்பே.

மெய்ப்பாடு வெளியே தோன்றுவது. அதனை உள்ளிருந்து எழுப்புவன எவை என்ற வினாவுக்கு உடலியலார் விடை தேடினர். 1905ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர், சுரப்பியில் தோன்றிக் குருதிவழிச் சென்று தொலைவிலுள்ள உறுப்பை ஏவும் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயரிட்டார். கிளர்ந்தெழச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் இயக்குநீர் என்று பெயர்த்தனர்; நல்ல பெயர்ப்பு. பணத்தைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவன இரண்டு: டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால். இரண்டும் கொலஸ்டிரால் என்னும் ஒரே மூலப்பொருளிலிருந்து உடம்பு சமைத்துக்கொள்வன. ஒரு தாய் வயிற்று மக்கள். முன்னது ஆண்களுக்கு விரையிலும், பெண்களுக்கு மிகக் குறைந்த அளவில் சூலகத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் தோன்றும். பின்னது சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அந்த அட்ரினல் சுரப்பியில் சுரக்கும். இடர் நேர்ந்த நொடியில் நெஞ்சைப் படபடக்கச் செய்வது அட்ரினலின். கார்ட்டிசால் சற்று மெல்ல வந்து, அரைமணி அளவில் உச்சம் எய்தி, நெடுநேரம் தங்குவது. அதற்கு நாள்முறையும் உண்டு: விடியலில் ஓங்கி, நள்ளிரவை ஒட்டித் தாழும். இந்த நாள்முறை பின்னர் வேண்டப்படும்.

வெற்றியும் இயக்குநீரும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது முதலில் விலங்குகளிடத்தும் பின்னர் விளையாட்டு வீரரிடத்தும் கண்டறியப்பட்டது. போட்டிக்கு முன்பே டெஸ்டோஸ்டிரோன் ஏறும், வென்றவனுக்கு மேலும் ஏறும், தோற்றவனுக்கு இறங்கும். ஏறியது அடுத்த போட்டிக்குத் துணிவாகும். இதற்குத் தசைவலிமை தேவையில்லை. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சதுரங்க வீரரிடமும் இவ்வேற்றத்தாழ்வைக் கண்டது. நாற்காலியை விட்டு எழாமல் ஆடும் ஆட்டம் அது. சதுரங்கத்துக்குப் பேர்போன சென்னைக்கு இச்செய்தி புதிதாக இராது. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்ட பிரேசில், இத்தாலி அன்பர்களின் உமிழ்நீரை ஆய்ந்தபோதும் வென்ற அணியை விரும்பியோர்க்கு ஏறியிருந்தது; தோற்ற அணியை விரும்பியோர்க்கு இறங்கியிருந்தது. ஆடியவன் வேறு, கண்டவன் வேறு; ஆயினும் கண்டவன் உடம்பு தானே ஆடியதாக எண்ணிக்கொண்டது.

இதனைப் பணச்சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கோட்ஸ். நியூயார்க்கின் பணச்சந்தையில் வணிகராக இருந்து, பின்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளரானவர். உடனிருந்த வணிகர்கள் தொடர்ந்து வெல்லும் நாள்களில் வேறு மனிதர்களாக மாறுவதைக் கண்டதே அவரை ஆய்வுக்குச் செலுத்தியது. அவரும் ஜோ ஹெர்பர்ட் என்பவரும் இலண்டனில் 17 ஆண் வணிகரிடம் தொடர்ச்சியாக எட்டு வேலைநாள்களில், முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் உமிழ்நீர் பெற்று அளந்தனர். முடிவு 2008இல் வெளியாயிற்று. காலையில் டெஸ்டோஸ்டிரோன் ஓங்கியிருந்த நாள்களில் வணிகரின் ஆதாயமும் ஓங்கியிருந்தது. கார்ட்டிசாலோ அவர்கள் பெற்ற நட்டத்தின் அளவைப் பின்பற்றவில்லை. ஏற்ற இறக்கத்தின் அளவையே பின்பற்றியது. அதாவது, பணம் போனதைக் காட்டிலும், போகுமா வருமா என்று தெரியாமையே உடம்பை மிகுதியும் வருத்தியது. நிச்சயமின்மை என்று சொற்பொழிவாளர் எளிதாகச் சொல்லிச் செல்லும் சொல்லுக்கு உமிழ்நீரில் ஓர் அளவு கிடைத்தது.

17 பேர், எட்டு நாள். இதனை வைத்துக்கொண்டு உலகச் சந்தைகளின் போக்கையெல்லாம் விளக்குவோர் உளர். அது துணிவு மிக்க செயல். ஆனால் அவ்வாய்வு ஒரு வினாவை எழுப்பியது. அதற்கு விடை தேட மற்றோர் ஆய்வு வந்தது. 2014இல் வெளியான அக்கட்டுரையின் முதலாசிரியர் பெயர் நாராயணன் கந்தசாமி என்றிருப்பது தமிழ்ச் செவிக்கு இனியது. கோட்ஸும் அதில் உடனுழைத்தார். ஆண்களும் பெண்களுமாக 36 பேர்க்கு மருந்தாகக் கார்ட்டிசாலைக் கொடுத்து, எட்டு நாள்களில் அதன் அளவை ஏறத்தாழ 69 விழுக்காடு உயர்த்தினர். சந்தை கொந்தளித்த நாள்களில் வணிகரின் உடம்பில் தானே நேர்ந்த ஏற்றமும் ஏறக்குறைய அவ்வளவே. முதல்நாள் ஏற்றத்தால் பெரிய மாற்றம் ஒன்றும் நேரவில்லை. எட்டாம் நாளில் அவர்கள் இடருக்கு அஞ்சுவோராயினர். பெரும் ஊதியம் தருவதாகச் சொன்னாலன்றித் துணியமாட்டோம் என்றனர். இங்கேயும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஆண்கள், அரிதாக நிகழக்கூடிய ஒன்றை அதன் உண்மையான வாய்ப்பைவிட மிகுத்து மதிக்கத் தலைப்பட்டனர். நூற்றில் ஒன்று நடக்கும் என்பது, நடந்தே தீரும் என்பதுபோல் அவர்களுக்குத் தோன்றலாயிற்று.

ஆப்ஷன் வணிகத்தைச் சற்றே அறிந்தோர்க்கு இவ்விடம் உறைக்கும். ஒப்பந்தம் முடியும் நாளின் பிற்பகலில், சந்தை விலைக்கு மிகத் தொலைவில் நிற்கும் ஒப்பந்தங்கள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அவை பெரும்பாலும் சுழியமாகவே முடியும். ஆயிரத்தில் ஒருமுறை நூறு மடங்காகும். தொடர்ந்து இழந்து, உறங்காமல் இருந்தவன் கை அங்கேதான் போகிறது. அஞ்சியவன் ஏன் விலகாமல் மேலும் ஆடுகிறான் என்ற வினாவுக்கு இதனை ஒரு விடையாக எண்ண இடமுண்டு. பெரிய இடருக்கு அஞ்சும் உடம்பே சிறிய அருமைக்கு ஏங்கவும் செய்கிறது.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதே இடத்தில் நிற்கிறார். இழக்குந்தோறும் சூதின்மேல் விருப்பம் வளர்வதுபோல, துன்புறுந்தோறும் உயிர் உடம்பின்மேல் காதல் கொள்ளும் என்பது அதன் கருத்து. உரைகாரர்கள் இதனைச் சூதின் இழிவுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்வர். உவமை எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். சூதுக்கு உடம்பை உவமையாக்கவில்லை. உடம்பின்மேல் உயிர் கொண்ட பற்றுக்குச் சூதை உவமையாக்குகிறார். இழத்தலும் விடாமையும் பிறப்போடு வந்தவை என்பதைச் சூதாடியைச் சான்றாக நிறுத்திச் சொல்கிறார். கடிந்துரைக்கும் அதிகாரத்தின் முடிவில் அக்கடுமை சற்றே தளர்வது இக்குறளில்தான். செபி அறிக்கையின் முக்கால் பங்கினரைப் பற்றிப் பேசுவோர் இக்குறளை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

எல்லாம் சுரப்பியின் செயலே என்று சொல்லிவிட்டு எழுந்துபோக ஆய்வுலகமும் இடங்கொடுக்கவில்லை. 2009இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற 200 மகளிர்க்கு நான்கு வாரம் ஈஸ்ட்ரோஜனோ டெஸ்டோஸ்டிரோனோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தனர். பொருள் பற்றிய அவர்தம் முடிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், இளைஞர்க்குக் குறுகிய காலம் கார்ட்டிசால் கொடுத்தபோது அவர்கள் அஞ்சவில்லை, மேலும் துணிந்தனர். அன்பும் நம்பிக்கையும் வளர்ப்பதாகப் புகழப்பட்ட ஆக்சிடோசின் கதையும் அவ்வாறே. அதனை மூக்கில் தெளித்தால் மனிதர் பிறரை நம்பிப் பணத்தைக் கொடுப்பர் என்று 2005இல் வந்த முடிவு, பின்னர் வந்த மறு ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் 1990களில் கவிழ்ந்தபோது பணத்தை இழந்தவருள் ஓய்வூதியம் பெற்ற முதியோரே பலர். அவர்கள் குருதி கொதித்து முதலிட்டவரல்லர்; பளபளக்கும் அலுவலகத்தையும் அறிந்தவர் பரிந்துரையையும் நம்பியவர். 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது அவர்கள் பொருட்டே. அந்த நம்பிக்கையை இயக்குநீரால் விளக்கப் புகுவது, மோசடி செய்தவரைத் தப்பவிடுவதாகும்.

ஆண், பெண் வேறுபாட்டையும் இவ்வளவோடு வைத்துக்கொள்வதே நன்று. அமெரிக்காவில் 1991 முதல் 1997 வரை 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்கு வணிகக் கணக்கை ஆராய்ந்த பார்பர், ஓடியன் என்போர், ஆண்கள் பெண்களினும் 45 விழுக்காடு மிகுதியாக வாங்கி விற்றனர் என்றும், அதனாலேயே மிகுதியாக இழந்தனர் என்றும் கண்டனர். செபியின் ஆய்வுகளிலும் பெண் வணிகரின் நிலை சற்று மேலாகவே இருக்கிறது. இது சுரப்பியால் நேர்ந்ததா, பெண்ணுக்குப் பணம் கொடுக்கும்போதே கணக்கும் கேட்டு வளர்க்கும் வீட்டு வழக்கத்தால் நேர்ந்ததா என்பதை உமிழ்நீர் மட்டும் சொல்லாது.

ஆகவே இயக்குநீரை ஊழாகக் கொள்ளவும் முடியாது, புறந்தள்ளவும் முடியாது. முரண்படும் இவ்வாய்வுகளுக்கிடையே உறுதியாக நிற்கும் இழை ஒன்று உண்டு. அது காலம். சில மணி நேரம் ஏறிய கார்ட்டிசால் ஒருவனைத் தூண்டுகிறது. பல நாள் ஏறியே நின்றது அவனை ஒடுக்கி, அரிய வாய்ப்புக்கு ஏங்கவைக்கிறது. எந்த நேரத்தில், எத்தனை நாளுக்குப் பின் முடிவெடுக்கிறான் என்பதே முடிவின் தன்மையை மாற்றுகிறது.

இதற்குத் தமிழில் ஒரு பெருஞ்சான்று இருக்கிறது. சூதாட்டக் காட்சி அன்று. வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்தையும் நளவெண்பாவையும் எல்லாரும் எடுத்துக்காட்டிவிட்டனர். நினைக்க வேண்டியது சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதை. மாதவியைப் பிரிந்து வீடு வந்த கோவலன், முன்னோர் ஈட்டிய செல்வம் தன்னால் தொலைந்ததையும் அவ்வறுமை தனக்கு நாணம் தருவதையும் சொல்கிறான். கண்ணகி, மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் பேசுகிறான் போலும் என்று கருதி, முறுவல் காட்டி, சிலம்பு உள்ளது, கொள்க என்கிறாள். அந்தச் சிலம்பையே முதலாகக் கொண்டு, மதுரை சென்று, இழந்ததெல்லாம் ஈட்டுவேன், உடன் எழுக என்கிறான் கோவலன். கதிரவன் தோன்றுமுன் புறப்பட்டுவிடுகின்றனர்.

வணிகர் குடியிற் பிறந்தவன் எடுத்த பொருள் முடிவு இது. வீட்டில் எஞ்சிய ஒரே முதலை முழுவதும் வைக்கிறான். முன்பின் பழகாத ஊரைத் தேர்கிறான். பெருவணிகனாகிய தந்தை மாசாத்துவானிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பெற்றோர்க்குத் தெரிவிக்கவும் இல்லை. பிரிவின் சூடு ஆறவில்லை. ஓர் இரவும் கழியவில்லை. இளங்கோவடிகள் ஊழ்வினை கடைக்கூட்டியது என்கிறார். காப்பியத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஊழ் எந்த வாயிலாக உள்ளே வந்தது என்று கேட்டால், நாணம் என்னும் மெய்ப்பாடும் வைகறை இருளும் வாயில்களாக நிற்கின்றன. பேராசை அங்கே இல்லை. கோவலன் பொன் வேண்டிப் புறப்படவில்லை. தலைகுனிவிலிருந்து தப்பவே புறப்பட்டான். இன்று இழந்ததை இன்றே மீட்கத் துடிப்பவனும் பெரும்பாலும் அத்தகையவனே. அவனிடம் ஆசையைத் துற என்று உரைப்பது, பசித்தவனுக்குச் செரிமான மருந்து கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

அவனுக்கு இடையில் ஓர் இரவு தேவைப்படுகிறது. இதைச் சட்டங்களும் விதிகளும் தம்மையறியாமலே சில இடங்களில் கொடுத்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் காலை, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு தொடங்கிய சில நிமிடங்களில் பத்து விழுக்காட்டுக் கீழெல்லையைத் தொட்டது. விதிப்படி வணிகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. அந்த ஒரு மணியில் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் அஞ்ச வேண்டா என்று முதலீட்டாளர்க்குச் சொன்னார். சந்தை மீண்டும் திறந்தபின் இழந்ததில் பாதிக்கு மேல் ஏறி, நாள் முடிவில் 875 புள்ளி இறக்கத்தோடு நின்றது. இடைவெளி ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. ஆனால் அட்ரினலின் தணியவும் பேச்சைக் காதில் வாங்கவும் அந்த ஒரு மணி நேரம் இருந்தது.

தமிழ்நாடு இன்னும் நேரடியாக இதில் இறங்கியது. இணையவழி ரம்மியில் பணத்தை இழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்தபோது, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநரின் இசைவு 2023இல் கிடைத்தது. திறன் விளையாட்டான ரம்மியை முற்றும் தடுக்க இயலாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தபின், 2025 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 சூனில் உயர்நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. பின்வந்த சட்டம் பெரிதுதான். ஆயினும் இலக்கியம் பயின்றோர்க்கு முன்வந்த விதியே நயமுடையதாகத் தோன்றும். அது மனிதனைத் திருத்த முயலவில்லை. வைகறையை மட்டும் பூட்டி வைத்தது. கோவலன் புறப்பட்ட நேரம் அந்த ஐந்து மணிக்குள் அடங்கும்.

பங்குச் சந்தைக்கு இவ்விதி இல்லை. பகல் மூன்றரை மணிக்கு அதுவே மூடிவிடுகிறது. செபி 2024 நவம்பரில் வாராந்தர ஒப்பந்தங்களைச் சந்தைக்கு ஒன்றாகக் குறைத்து, ஒப்பந்தத்தின் சிறும மதிப்பையும் 15 இலட்சமாக்கியது. ஆனால் தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய் முதலியவற்றின் முன்பேரச் சந்தை இரவு பதினொன்றரை மணி வரை திறந்திருக்கிறது. இச்சாலையில் பணிபுரிவோர் பலர்க்கு அமெரிக்காவின் பகலே வேலைநேரம். இரவில் விழித்துப் பகலில் உறங்குவோர்க்குக் கார்ட்டிசாலின் நாள்முறையே நிலைகுலைகிறது என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. நள்ளிரவில் தாழ வேண்டியது தாழ்வதில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்ற பழமொழியைச் சொன்னவர்க்கு, அர்த்தராத்திரியில் சம்பளம் வாங்கும் காலம் ஒன்று வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை. அவ்வுறக்கமற்ற கண்களுக்கு முன்னே சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடுகின்றன. அவனை அற்பன் என்பது எளிது. அவனுக்கு எந்த நேரம் விடியல் என்று கேட்பதே பயனுடைய வினா.

இங்கிருக்கும் பாவலர்க்கு ஒரு விண்ணப்பம். சென்ற பத்தாண்டுகளில் பணத்தைப் பாடிய புதுக்கவிதைகள் பெரும்பாலும் பேராசையைச் சாடின. வணிகனைப் பேய் என்றன. இழந்தவன் உடம்பைப் பாடியவை குறைவு. கைப்பேசியை ஆடையில் மறைத்துக்கொண்டு குளியலறைக்குச் செல்பவன், ஊதியம் வரும் நாளில் சிரிக்கக் கற்றுக்கொண்டவன், அலுவலக விருந்தில் வெற்றியை மட்டும் சொல்பவன் ஆகியோரின் மெய்ப்பாடுகளுக்கு எட்டில் எந்தப் பெயர் பொருந்தும் என்பது இன்னும் எழுதப்படவில்லை. மகிழ்ச்சியும் பெருமிதமும் அளவு கடக்கும் வேளையைப் பாடியவை அவற்றினும் குறைவு. இழப்பின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு வெற்றியே; முதல்முறை வென்ற நாளின் மாலையிலேயே ஆட்டம் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலண்டன் ஆய்வில் 17 வணிகரின் உமிழ்நீரும் முற்பகலிலும் பிற்பகலிலும் எடுக்கப்பட்டது. மாலையில் அவர்களுக்குக் கதவு திறந்தோரின் உமிழ்நீர் எடுக்கப்படவில்லை. அது அவ்வாய்வின் வினாவும் அன்று. இந்நாட்டில் நட்டத்தின் இரண்டாம் தவணை பெரும்பாலும் நகைக்கடன் அலுவலகத்தில் செலுத்தப்படுகிறது; நகை பெரும்பாலும் மனைவியுடையதோ தாயுடையதோ ஆகும். போகுமா வருமா என்று தெரியாமையே உடம்பை மிகுதியும் வருத்தும் என்றால், சந்தையைக் காணாமல் முகத்தை மட்டும் கண்டு காலம் கழிப்போர்க்கு அத்தெரியாமை எவ்வளவாக இருக்கும்? சிலம்பு உள்ளது, கொள்க என்று சொன்னபோது கண்ணகியின் வயிறு கலங்கிற்றா, கை குளிர்ந்ததா என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. முறுவலை மட்டும் சொன்னார். அந்த முறுவல் நகையின்பாற்படுமா, அச்சத்தின்பாற்படுமா, இளிவரலின்பாற்படுமா என்பதை அடுத்த அமர்வில் பாவலர்கள் எடுத்துக்கொள்ளலாம்.